டயருக்கு அடியில் வைத்த நகை

ஞாயிறு இரவு

வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. ஆட்கள் அறைக்கு அறை போய் வருகிறார்கள். அதனால் மகளின் கல்யாண நகைகளைப் பழஞ்சீலையில் சுற்றி, கார் டிக்கியில் ஸ்பெயர் டயருக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் இவரிடமும் சொல்லவில்லை.

இன்று நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், இவர் காரைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி அதில் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போனாராம். தம்பிக்குப் போன் எடுத்தால் இவருக்குக் கேட்டுவிடும் என்று வாசலிலேயே காத்து நின்றேன்.

பொழுதுபடத் தம்பி வந்தார்.

"வழியில டயர் காத்துப் போயிட்டு மச்சாள். மாத்துவம் எண்டு டிக்கியத் திறந்தா அடியில இது கிடக்கு. ஆராவது இப்பிடி வைப்பாங்களா?"

இவர் முன்னாலேயே பொதியை நீட்டினார். ஒன்றும் குறையவில்லை.

தம்பி போன பிறகு இவர் கேட்டார். "வேலைக்காரருக்குப் பயந்து வச்சியா, எனக்குப் பயந்து வச்சியா?"

"வேலைக்காரருக்குத்தான்" என்றேன். இவர் நம்பவில்லை.

போன வருடம் வயல் வட்டையில் வெள்ளம் ஏறி வேளாண்மை அழிந்தபோது, என் காப்பைக் கேட்காமலே அடகு வைத்தவர் இவர். வேறு வழி இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இது பிள்ளையின் நகை.

இவர் சாப்பிட வரவில்லை. பொதியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொன்னார்.

"எங்கயாவது வை. எனக்கு மட்டும் சொல்லாத."