அவருக்கு நான் பழக்கிய வார்த்தை

ஜூன் 11, செவ்வாய்

இன்றும் ஒரே வார்த்தைதான். தண்ணீர் வேண்டும் என்றால் "சனியனே". கால் மரத்துப்போனால் "சனியனே". ஜன்னலில் குரங்கு வந்து உட்கார்ந்ததற்கும் அதே. ஸ்ட்ரோக்கில் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. முப்பது வருஷமாக என்னைக் கூப்பிட்ட பெயர் மட்டும் தப்பித்துக்கொண்டது. கிளென்மார்கன் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து, மெஷினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. இப்போது அடுத்த அறைக்குக்கூடக் கேட்பதில்லை. ஊட்டி காந்தலில் எங்கள் தெருவே அமைதியாகிவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் குன்னூரிலிருந்து வந்தாள். பெயர் கீர்த்தனா. இனி வாராவாரம் வருவாளாம்.

"அவரு வேணும்னு திட்டலீங்கம்மா. ரொம்பப் பழகின வார்த்தை, தானா வந்துருதுங்க."

பழகினது என்று எனக்கா தெரியாது?

முகம் வரைந்த அட்டைக் கட்டு ஒன்று கொடுத்தாள். சந்தோஷம், துக்கம், வலி, வெட்கம், கோபம், பயம். மனசில் இருப்பதைச் சொல்ல வராமல்தான் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். அதற்கெல்லாம் பெயர் தெரிந்தால் அடங்கிவிடுவாராம். வாய் நன்றாக இருந்த காலத்திலும் இந்த வீட்டில் தட்டு பறந்துகொண்டுதான் இருந்தது, தாயே. அவளிடம் சொல்லவில்லை. தினமும் பழக்க வேண்டியது நானாம்.

ஜூன் 17

கோப அட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதில் இவருக்குப் பயிற்சி தேவையில்லை.

ஜூலை 2

வெட்கம் பழக்கினேன். பெட்பேன் எடுக்கிற நேரமாகப் பார்த்து அட்டையைக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வார்த்தை வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. பாவமாக இருந்ததா? துளிகூட இல்லை. எனக்கே ஆச்சரியம்.

ஜூலை 6

கீர்த்தனா நேற்று சொன்னது: "அந்த உணர்ச்சி வர்ற நேரத்துலயே அதும் பேரைச் சொல்லிக் குடுங்கம்மா. அப்பத்தான் மனசுல பதியும்."

சரி. இன்று காலையில் கரண்டியை ஓங்கினேன். அடிக்கவில்லை. முகத்துக்கு நேரே ஓங்கி நிறுத்தினேன், அவர் எனக்குச் செய்த மாதிரியே. நல்ல கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. தோள் காதுவரை ஏறியது. அந்தக் குறுகல் எனக்கு அத்துப்படி.

"இதுக்குப் பேருதானுங்க பயம். சொல்லுங்க, பயம்."

மறுபடி ஓங்கினேன்.

நான் கெட்டவளா? இருந்துவிட்டுப் போகிறேன். 'உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா' என்று ஒரே ஒருமுறை இந்த மனுசன் என்னைக் கேட்க வேண்டும். சாவதற்குள் கேட்க வேண்டும். அதுக்கு முதல்ல வார்த்தை வேணுமில்ல?

ஜூலை 15

கஞ்சிக்கு முன்னால் ஒருமுறை. மாத்திரைக்கு முன்னால் ஒருமுறை. இன்று "ப" வந்தது.

ஜூலை 26, வெள்ளி

சொல்லிவிட்டார். கரண்டியைத் தொடவே இல்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தேன், அவ்வளவுதான். "பயம்." கணீரென்று.

சந்தோஷம். சமையலறையில் போய் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கீர்த்தனா வந்து கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொறுமைக்குக் கிடைச்சதுங்கம்மா." இன்னும் நாலு வார்த்தை வந்தால் போதும். கேட்டுவிடுவார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அவர் பேசுகிறார் என்று அவர் தங்கை ஜானகியிடம் போனில் பீற்றிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் காபியோடு அறைக்குள் நுழைந்தேன். அவர் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "பயம். பயம்."

"ஏனுங்கண்ணி, அண்ணன் எதுக்குப் பயப்படறாரு?"

"குளிருக்கு."

"குளிருக்கு யாராச்சும் அப்புடிப் பாப்பாங்களா?"

என் உதடு கிழிந்து தொங்கிய நாளில் இதே அறையில் உட்கார்ந்து, "அண்ணனுக்குக் கொஞ்சம் முன்கோபம்" என்று சொல்லிவிட்டு இட்லி தின்றவள் இவள். அன்னிக்கு எங்கடி போச்சு உன் கண்ணு? கேட்டேவிட்டேன். அண்ணனின் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

காரில் ஏற்றியதும் குனிந்து அவர் காதில் சொன்னேன். "எனக்கும் இப்புடித்தானுங்க இருந்துச்சு. தெரியுதா?"

என்னைப் பார்த்தார். "பயம்" என்றார். என்னுடையதைச் சொன்னாரா, அவருடையதைச் சொன்னாரா? அதற்குள் ஜானகி கதவைச் சாத்திவிட்டாள்.

செப்டம்பர் 3

மாத்திரை நேரத்துக்கு இன்றும் அவருடைய காலி அறைக்கு எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஜானகி போன் செய்தாள். குரலில் ஒரே பூரிப்பு.

"அண்ணன் புதுசா ஒண்ணு சொல்றாருங்கண்ணி. நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலை. ஊஞ்சல்ல உக்கார வெச்சேன், தானாச் சொன்னாரு. கேளுங்க."

போனை அவரிடம் நீட்டினாள் போல. மூச்சு கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டுவிடப் போகிறார் என்றே நினைத்தேன், பைத்தியக்காரி.

"நிம்மதி" என்றார்.

அப்படி ஓர் அட்டையே கீர்த்தனா கொடுத்த கட்டில் கிடையாது. கோயில் கோயிலாக நின்று நான் கேட்டது, அந்த மனுசனுக்குப் போய்க் கிடைச்சிருக்கு. அடிச்ச ஆளுக்கு.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் சத்தம் இல்லை. கஞ்சி காய்ச்ச வேண்டாம். என்னை அடிக்க யாரும் இல்லை. எனக்கும் அதுதானே இருக்கணும்?

இல்லை. வயிறெரியுது.