தீர்த்தத்தில் கொசுப்புழு

காஜா பெராங், மலாக்கா
14.9.1958

அன்பு மகன் தேவதாசுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அப்பா இருமலோடு இன்னும் படுக்கையில்தான், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே, கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்.

சீமைக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போன நீ, பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லாதீர்கள், கேட்க விடுங்கள், அவர்களே செய்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாய் அல்லவா, இத்தனை வருஷம் பாடம் நடத்திய நானும் புத்தி கெட்டு அதைக் கேட்டேன். டவுன் போர்டு ஆட்கள் கொசுப்புழு தேடி வீடு வீடாக வந்தபோது, இந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அழுக்குத் தண்ணீரில் தானாக வரும் என்றான் ஒருவன். கோயில் தலைவர் கலியாணசுந்தரத்தின் பேத்தி அஞ்சலை, சாமி தண்ணியில மட்டும் வரவே வராது டீச்சர் என்றாள். சரி, பார்த்துவிடுவோம் என்றேன். கிணற்றுத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், அவள் கொண்டுவந்த தீர்த்தம், எல்லாவற்றையும் வடிகட்டி இரண்டிரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றைத் துணியால் கட்டி, ஒன்றைத் திறந்தபடி ஜன்னலில் வைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு பிள்ளை மட்டம் போடவில்லை, மணி அடிக்கும் முன்பே ஜன்னலில் மொய்த்தார்கள். திறந்த பாட்டில் எல்லாவற்றிலும் புழு நெளிந்தது, தீர்த்தத்திலும்தான். கட்டியதில் ஒன்றுகூட இல்லை. கொசு உள்ளே போய் முட்டை போட்டால்தான் புழு என்று அஞ்சலையே கண்டுபிடித்துச் சொன்னாள், எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அவள் வீட்டுக்குப் போய், தாத்தா, கோயில் அண்டாவை மூடி வையுங்க என்று நல்லதுதான் சொன்னாள். அதில் வந்தது வினை. பள்ளி வாரியத்திலும் அவர்தானே தலைவர். போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர நாள் மேடையில், இனி நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து பேசலாம் என்று முழங்கிய அதே மனுஷர், சாமி தீர்த்தத்தைச் சாக்கடையோடு சேர்த்து வைத்துவிட்டாள் இந்த டீச்சர் என்று என்மேல் குற்றம் சொல்லிக் கூட்டம் போட்டார். வகுப்பில் நின்று, நான் செய்ய வைத்ததெல்லாம் தப்பு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார். அப்பா படுக்கையில், உன் தங்கை சீதா இன்னும் படிக்கிறாள், நீயோ சீமையில். சொன்னேன். அஞ்சலை எழுந்து, பாட்டிலு இங்கதானே இருக்கு டீச்சர், வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன் என்றாள். வாயை மூடு, உட்காரு என்றேன். பாட்டில்களைத் தலைமையாசிரியரே கொண்டுபோய்க் கொட்டினார். இப்போது என் வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பள்ளியிலேயே ஒழுக்கமான வகுப்பு என்று அவர் பாராட்டுகிறார்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, சாமி துணை இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இனிமேல் புது முறை எதுவும் எனக்கு எழுதாதே. ஒன்று மட்டும் மறக்காமல் உன் கல்லூரியில் கேட்டு எழுது: கேள் கேள் என்று சொன்ன டீச்சரே வாயை மூடு என்று சொன்ன பிறகு, அந்தப் பிள்ளையை மறுபடி கேட்க வைக்க ஏதாவது முறை வைத்திருக்கிறார்களா?

ஆசியுடன்,
உன் அம்மா
சந்திரமதி