சயனைடு மேட்டின் இரண்டாவது பாட்டு

ஈஜிபுரா,
2 ஜூலை 2025, புதன் இரவு

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். உன் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் விஜய்குமார் அண்ணனிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்து, தண்ணீரில் நனைத்து, அப்புறம் குப்பையில் போடு.

பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வீட்டைவிட்டுப் போன மறுநாளே ஹரிஷ் அண்ணன் ரூம் கதவின் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டான். இப்போது உள்ளே சாத்திக்கொள்ள முடிகிற கதவு இது ஒன்றுதான்.

நீ எப்படி இருக்கிறாய்? விஜய்குமார் அண்ணனின் அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கிறார்கள் என்று எல்லம்மா ஆன்ட்டி சொன்னார்கள். கேட்டதும் அழுகை வந்தது. ஆன்ட்டி தினமும் உங்கள் பக்கத்து கார்மெண்ட்ஸுக்குத்தானே வருகிறார்கள், பதிலை அவர்களிடம் கொடுத்து அனுப்பு. என் கிளாஸ் மகாவின் அம்மா என்பதால் இங்கே வந்து போனாலும் அண்ணன் சந்தேகப்படுவதில்லை.

அண்ணன் மனசு மாறவில்லை அக்கா. அவன் வேலை பார்க்கும் ஏஜென்சி முதலாளி முனிராஜ் சாரிடம் நீ கே.ஜி.எஃப்.பில் பெரியப்பா வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறான். அவர் தம்பிக்கு உன்னைக் கட்டிக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கு அப்படியே இருக்கிறதாம். "எங்க ஒளிஞ்சாலும் இழுத்தாந்து நிக்க வெக்கிறேன் பாரு" என்று அம்மாவிடம் கத்தினான். அன்று ராத்திரி உனக்குக் கதவைத் திறந்துவிட்டது அம்மா என்றே இன்னும் நினைக்கிறான். அறை வாங்கியதும் அம்மாதான். நான்தான் திறந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை. அப்பா நைட் டூட்டியிலிருந்து வந்து யூனிஃபார்மோடு படுத்துவிடுகிறார்.

சரி, ஒரு நல்ல சண்டை சொல்கிறேன். மகாவின் போனில் உங்கள் சயனைடு மேடு பேண்டின் 'கூண்டு இறங்குது' வீடியோ பார்த்தேன். கமெண்டில் பிரபா என்று ஒரு பெண், படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்தி. "சயனைடு மேடு ஒரு ஒன் ஹிட் வொண்டர். இனிமே ஒண்ணும் வராது" என்று எழுதியிருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மகாவின் பெயரிலேயே பதில் போட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மாரிக்குப்பம் ரயிலில் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாம் மூன்று பேரும் இதே சண்டைதான் போடுவோம். எது ஒத்தப்பாட்டு பேண்ட், எது இல்லை என்று. அண்ணன்தான் அம்பயர். "இந்த வண்டியில எவனாவது இயர்போன் இல்லாம ஒரு பாட்டைப் போட்டான்னா அது ஹிட்டு. ரெண்டாவது பாட்டையும் போட்டாத்தான் பேண்டு" என்று விதி வைத்தவன் அவன். உன்னைப் பைக்கில் பிராக்டிஸுக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான். உன் பாட்டு ஊரெல்லாம் கேட்டதும் ஏன் அக்கா இப்படி ஆனான்?

பதில் எழுது.

உன் அன்புத் தங்கை,
ஸ்னேஹா


சந்தாபுரா,
6 ஜூலை 2025

என் செல்லக் குட்டி ஸ்னேஹாவுக்கு,

கடிதத்தைக் கிழித்து, நனைத்து, போட்டுவிட்டேன். நீ சொன்னபடியே. ஆனால் கிழிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன்.

பாத்ரூமில் ரொம்ப நேரம் உட்காராதே, சளி பிடிக்கும். அம்மா முட்டிக்கு எண்ணெய் போடுகிறாளா? அறை வாங்கிய விஷயத்தை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியதே நல்லது. எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன் ஏன் இப்படி ஆனான் என்று எனக்கும் தெரியவில்லை. ஏஜென்சியில் ஒருத்தன் என் பாட்டை ரிங்டோனாக வைத்துக்கொண்டு, "இன்னா மச்சா, உன் தங்கச்சி ராத்திரியில எனக்குப் பாடுறா" என்று சொன்னானாம். அன்று வீட்டுக்கு வந்ததும்தான் அண்ணன் என் போனை உடைத்தான். அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை ரூமில் போட்டுப் பூட்டினான்.

உன் பிரபா சொல்வதில் தப்பு என்ன குட்டி? எங்கே போனாலும் 'கூண்டு இறங்குது' பாடு என்கிறார்கள். பாடி முடித்தால் மறுபடியும் அதையே பாடு என்கிறார்கள். தாத்தா சுரங்கத்தில் இறங்கிய கூண்டைப் பற்றி எழுதினேன், இப்போது நானே அதற்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு பர்த்டே பார்ட்டியில் கேக் வெட்டும்போது அதைப் பாடச் சொன்னார்கள். சுரங்கத்தில் ஆள் செத்துப்போகிற பாட்டு! பாடினேன். விஜய் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டான்.

ஒத்தப்பாட்டு பேண்ட் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நீ படி.

அன்புடன்,
மலர்


ஈஜிபுரா,
14 ஜூலை 2025, இரவு

அன்புள்ள அக்கா,

சொல்லட்டும் என்று என்னால் விட முடியாது. உன் கடிதத்தைக் கிழிக்கும்போதே தீர்மானித்துவிட்டேன்.

பிரபா கெட்டவள் இல்லை அக்கா, நிறைய விஷயம் தெரிந்தவள். 'வாட்டர் டேங்கர்' பேண்டை நான் ஒத்தப்பாட்டு லிஸ்டில் சேர்த்தேன். அவள், "பாடுறவன் கனடாவுக்கு வேலைக்குப் போயிட்டான், பேண்டே கலைஞ்சு போச்சு. ரெண்டாவது பாட்டுக்கு சான்ஸே கிடைக்காதவங்கள எப்படிச் சேர்ப்ப?" என்று மடக்கினாள். 'சில்க் போர்டு சிக்னல்' பேண்ட் ஒரே பாட்டைக் கன்னடத்திலும் தமிழிலும் பாடினார்களே, அது ஒன்றா இரண்டா என்று கேட்டேன். "பேருக்கு ஏத்த மாதிரி டிராஃபிக்ல ஒரே எடத்துல நின்னுட்டாங்க, ஒண்ணுதான்" என்றாள். நானும் மகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ போன பிறகு நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

உங்களைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். "ரெண்டாவது பாட்டு எங்க? காட்டு, ஒத்துக்கிறேன்" என்கிறாள்.

வீட்டில் அண்ணன் இப்போது கத்துவதில்லை. சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டாவது பாட்டு இருக்கிறதா அக்கா?

ஸ்னேஹா


சந்தாபுரா,
19 ஜூலை 2025

ஸ்னேஹா குட்டிக்கு,

இருக்கிறது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

காதல் பாட்டு இல்லை, சுரங்கமும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் ஏறும் ஒரு பெண் சொல்கிறாள்: "ஒக்காரக் கேக்கல, நிக்க எடம் குடு." அவ்வளவுதான் பாட்டு. விஜய்யின் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே முணுமுணுக்கிறார்கள்.

அடுத்த வார ஞாயிறு, 27ஆம் தேதி சாயங்காலம், இங்கே மெயின் ரோட்டு மண்டபத்தின் மாடியில் காலேஜ் பசங்க ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்கள். அங்கே முதல் தடவையாகப் பாடப் போகிறேன். அண்ணனை நினைத்து எங்கள் பேண்ட் பக்கத்தில் நாங்கள் எதுவும் போடவில்லை. போஸ்டரிலும் என் பெயர் இல்லை. என் புது நம்பரை உனக்குக் கொடுக்காததற்குக் கோபப்படாதே. தெரியாததை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது.

கொஞ்ச நாள் பொறு. ஒரு சின்ன வீடு பார்த்ததும் உன்னை லீவுக்குக் கூட்டிக்கொள்கிறேன்.

மலர்


ஈஜிபுரா,
24 ஜூலை 2025, வியாழன் இரவு

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டேன்!

திட்டாதே. பிரபாவிடம் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். அவள் நேற்று, "பாவம் உங்க அக்கா மாதிரி பாடுற பொண்ணுங்க எல்லாம் ஒரே பாட்டோட காணாமப் போயிடுதுங்க" என்று எழுதினாள். என்னால் தாங்க முடியவில்லை. "காணாமப் போகல. ஞாயிறு சந்தாபுராவில் ரெண்டாவது பாட்டு பாடுறாங்க" என்று போட்டுவிட்டேன். மண்டபத்தைச் சொல்லவில்லை.

அவள் உடனே பணிந்துவிட்டாள். என்ன எழுதினாள் தெரியுமா? "சரி, தோத்துட்டேன். ஆனா மாரிக்குப்பம் வண்டியில எவனாவது இயர்போன் இல்லாம போடட்டும், அப்பதான் அது ஹிட்டு." பார்த்தாயா, நம்மை மாதிரியே யோசிக்கிற ஒருத்தி! அவளும் கே.ஜி.எஃப். பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

நன்றாகப் பாடு. மனசுக்குள் நான் முன்வரிசையில் இருப்பேன்.

ஸ்னேஹா


ஈஜிபுரா,
26 ஜூலை 2025, சனி இரவு

அக்கா,

வியாழக்கிழமை கடிதம் உன்னிடம் வரவில்லை. எல்லம்மா ஆன்ட்டிக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. இன்று மகா அதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். திங்கட்கிழமை இதையும் அதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பச் சொல்வேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து சரியாக வராது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அண்ணன் பிரியாணி வாங்கி வந்தான். என் தட்டில் அவனே முட்டையை வைத்தான். அம்மாவிடம், "நாளைக்கு மலரு வந்துடுவா. நல்ல பொடவையா ஒண்ணு எடுத்து வை. முனிராஜ் சார் கார் அனுப்புறாரு" என்றான். அம்மா, "எங்கடா இருக்கா அவ?" என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா குட்டி, வாட்டர் டேங்கர் ஒத்தப்பாட்டா இல்லையா? கடைசியில நீ ஒத்துக்கவே இல்லையே."

மகாவின் பெயருக்கு 'உங்க அக்கா' என்று அவள் பதில் போட்டபோதே, ரயில் விதியை எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மூன்று பேரைத் தவிர யாருக்குத் தெரியும் அது? நான் மகாவின் பெயரில் எழுதினேன். அவன் பிரபா என்ற பெயரில் எழுதினான். இவ்வளவு நாள் நான் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டது அவனோடு. அவன் ஜெயிப்பதற்காகச் சண்டை போடவில்லை அக்கா. நான் ஜெயித்தால் உன் ஊரைச் சொல்வேன் என்று தெரிந்துதான் தோற்றான்.

அவன் ஹாலில் வாசலை அடைத்துப் பாய் போட்டிருக்கிறான். நாளைக்கு நான் வெளியே போக முடியாது. உன் நம்பர் என்னிடம் இல்லை. யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். அம்மா விழித்துத்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கமெண்டில் எழுதிவிட்டேன். அதே சண்டைக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற மாதிரி:

"பிரபா என்பது என் அண்ணன் ஹரிஷ். மலர் அக்கா, நாளைக்கு அங்கே போகாதே. விஜய்குமார் அண்ணன் வீட்டிலும் இருக்காதே. கார் வருகிறது."

அம்மாவின் போன் என்பதால் தனலக்ஷ்மி என்று அம்மா பெயர்தான் விழுந்தது. மறுபடியும் அம்மா அடி வாங்கக் கூடாது. அதனால் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: "எழுதியது ஸ்னேஹா. அன்னிக்குக் கதவைத் திறந்ததும் ஸ்னேஹாதான். அம்மா இல்லை."

பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. இந்தக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதுதான் சயனைடு மேடு பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. "பாத்துட்டோம். கெளம்பிட்டோம்." அது நீதானே? விஜய்குமார் அண்ணன் இவ்வளவு சீக்கிரம் டைப் பண்ண மாட்டார். நீதான்.

உன் இரண்டாவது பாட்டை நான்தான் கெடுத்தேன். வேறு ஊரில் பாடு, எந்த ஊர் என்று எனக்குச் சொல்லாதே. எனக்கும் இனி எழுதாதே. எல்லம்மா ஆன்ட்டி கேட்டாலும் பதில் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே, நான் எப்படிக் கேட்டாலும். என்னைக் கூட்டிக்கொள்கிறேன் என்று எழுதினாயே, அதற்காகவும் இந்தப் பக்கம் வந்துவிடாதே. ஒன்பதாவது முடியட்டும், பத்தாவது முடியட்டும். நான் இருந்துகொள்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால்

ஹாலில் அண்ணனின் போன் அடித்தது. லைட் போட்டுவிட்டான். அம்மா பேசுகிறாள், "அவளுக்கு வயித்து வலிடா, நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்." அவன், "நவுரும்மா" என்கிறான். அம்மா, "நவுர மாட்டேன்" என்கிறாள். அக்கா, அம்மா நகர மாட்டேன் என்று சொல்கிறாள்! இதுவரை அவனிடம் ஒரு தடவைகூட

கதவைத் தட்டு