எண்பத்தெட்டாம் வரியில் ஒரு கழித்தல் குறி

மார்ச் 3, திங்கள்

கென்டிலிருந்து வரும் 7.26 ரயில் இன்று பதினொரு நிமிடம் தாமதம். பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்துக்குள் நுழைந்தால் என் நாற்காலியில் எதிர் மேசை ஒர்னெல்லாவின் சைக்கிள் தலைக்கவசம். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பத்து மணிவரை வேலை செய்தேன். அவள் வந்து பார்த்துச் சிரித்தாள். "அது என்ன பூனையா லீவன், தடவிக் கொடுத்துட்டு இருக்கீங்க?"

பச்சைத் தாள் தொடங்கியாயிற்று. மொத்தம் 214 வரிகள். அடுத்த வாரம் ஸ்ட்ராஸ்பர்கில் நாடாளுமன்றம் கூடும்போது நடக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் ஒரு வரி. எதிரே கூட்டல் குறி இருந்தால் ஆதரித்து அழுத்த வேண்டும். கழித்தல் என்றால் எதிர்த்து. பெரும்பாலான உறுப்பினர்கள் தங்கள் கட்சி தரும் தாளைப் பார்ப்பார்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கட்சியோடு ஒத்துப்போகாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் எங்கள் பச்சைத் தாள் மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் நூறு வாக்கெடுப்புகள் ஓடும். நிறுத்தி யோசிக்க நேரமில்லை. குறியைப் பார்ப்பார்கள், அழுத்துவார்கள்.

எங்களுக்கு முக்கியம் ஒன்பதாம் பிரிவு: ஓடைக் கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. அதை அடியோடு நீக்கச் சொல்லி எதிர்த்தரப்பு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறது. ஆகவே எண்பத்தெட்டாம் வரியில் கழித்தல். நீக்க வேண்டாம் என்று சொன்னால்தான் பிரிவு பிழைக்கும்.

அந்தப் பத்து மீட்டரில் என் பங்கும் உண்டு. முப்பத்தொரு வருடம் குடிநீர் நிறுவனத்தில் ஓடைத் தண்ணீரை அள்ளிச் சோதித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, வாரம் மூன்று நாள் இந்த நதிகள் கூட்டமைப்பில், சம்பளமில்லாமல். என் பழைய அட்டவணைகளையும் வைத்துத்தான் அந்த எண்ணுக்கு வந்தார்கள். ஒருவேளை எட்டு மீட்டர் போதுமோ? மாலையில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இல்லை. பத்துதான்.

மார்ச் 6, வியாழன்

மூன்றாம் முறை சரிபார்த்தேன். 131-ஆம் வரியில் ஒரு காற்புள்ளி அதிகம். எடுத்துவிட்டேன்.

ஒர்னெல்லா: "உங்க தாள்ல நான் ஒரு தப்பு கண்டுபிடிச்சா நீங்க எனக்கு ஒரு பீர் வாங்கித் தரணும். ஆறு வருஷமா தாகமாவே இருக்கேன்."

மார்ச் 11, செவ்வாய்

இங்கரும் ஒர்னெல்லாவும் நேற்றே ஸ்ட்ராஸ்பர்க் போய்விட்டார்கள். இங்கர் எங்கள் இயக்குநர். இந்த வேலையில் பதினெட்டு வருடம். ஒர்னெல்லா தாளை அச்சடித்து உறுப்பினர்களின் அறை அறையாகக் கொடுப்பவள்.

மாலை 5.40-க்கு வாக்கெடுப்பின் இறுதி வரிசை வெளிவந்தது. ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். எதிர்த்தரப்பு தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது! அதற்குப் பதிலாக ஒன்பதாம் பிரிவின் மீதே தனி வாக்கெடுப்பு கேட்டிருக்கிறது. வரி எண் அதே 88. நேற்றுவரை கேள்வி, 'இந்தப் பிரிவை நீக்கலாமா?' இன்று கேள்வி, 'இந்தப் பிரிவு இருக்கலாமா?' அப்படியானால் எங்கள் குறி கூட்டலாக மாற வேண்டும்.

நான்கு முறை படித்தேன். 6.10-க்கு இங்கரை அழைத்தேன். எங்கேயோ நடந்துகொண்டே பேசினார். சுற்றிலும் ஒரே சத்தம்.

"எண்பத்தெட்டாம் வரி... குறி மாறணும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேன்."

"லீவன், ஒரு வாரமா எல்லார்கிட்டயும் எண்பத்தெட்டு மைனஸ்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இப்ப போய் மாத்தினா குழப்பம்தான் மிஞ்சும். விடுங்க. போய்ச் சாப்பிடுங்க."

சரி என்றேன்.

6.30-க்கு ஒர்னெல்லாவிடமிருந்து செய்தி: இதுதானே கடைசித் தாள், அச்சடிக்கலாமா? அச்சடிக்கலாம் என்று பதில் எழுதினேன்.

பதினெட்டு வருட அனுபவம் அவருக்கு. நான் தண்ணீர் அள்ளியவன்தானே.

மார்ச் 12, புதன்

எழுத்து கோணலாக வந்தாலும் எழுதி வைக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஏழு பேர் திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். குளிர்பெட்டியில் இரண்டு பாட்டில் ஒயின். 12.47. அவைத்தலைவர், "ஒன்பதாம் பிரிவு. வாக்கெடுப்பு தொடங்கியது. முடிந்தது." ஒரு தும்மல் போடும் நேரம்கூட இல்லை.

ஆதரவு 301. எதிர்ப்பு 312.

அவைத்தலைவர் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார், அதற்கடுத்ததற்கும். திரையின் ஓரத்தில், மூன்றாம் வரிசையில், போர்ச்சுகல்காரப் பெண்மணி ஒருவர் தெரிந்தார். எங்களுக்காகத் தன் கட்சியோடு இரண்டு வருடம் சண்டை போட்டவர். அவர் எதிரே இருந்த காகிதத்தைப் பார்த்தார். முன்னால் முடிவு காட்டும் பலகையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தை. காகிதம் பச்சை.

அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதே நாள், வீட்டுக்கு வரும் ரயிலில்

தெரியும். எனக்குத் தெரியும். நேற்று 5.40-லிருந்தே தெரியும்.

மார்ச் 13, வியாழன்

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. தவறாக அழுத்திவிட்ட உறுப்பினர், பிறகு எழுத்தர்களிடம் போய், 'நான் உண்மையில் இப்படி வாக்களிக்க நினைத்தேன்' என்று பதிவு செய்துகொள்ளலாம். குறிப்பேட்டில் ஏறும். முடிவு மட்டும் மாறாது.

இன்று காலைவரை பத்தொன்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். பத்தொன்பது பேரும் பச்சைத் தாள்காரர்கள். கணக்குப் போட்டேன். ஆதரவு 320, எதிர்ப்பு 293. குறிப்பேட்டின்படி நாங்கள் இருபத்தேழு வாக்கில் ஜெயித்திருக்கிறோம். சட்ட வரைவில் அந்தப் பிரிவு இல்லை.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். எதற்கு? கூட்டல் சரியாக வந்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 14, வெள்ளி

இங்கர் திரும்பிவிட்டார். சட்டையைக்கூட மாற்றவில்லை போலிருந்தது. எல்லோர் முன்னாலும் பச்சைத் தாளை மேசையில் போட்டார்.

"கீழே யாரு பேரு இருக்கு?"

தாளின் அடியில் தொடர்புக்கு என்று ஒர்னெல்லாவின் பெயர்தான் எப்போதும் இருக்கும். என் பெயர் எங்கும் இருக்காது. நான்தான் வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

"என் பேரு," என்றாள் ஒர்னெல்லா. "கடைசி வரிசைய நான் ஒரு தடவை பாத்திருக்கணும். பாக்கல."

என் பக்கம் திரும்பவே இல்லை. அச்சடிக்கலாம் என்று நான் எழுதிய பதில் அவள் கைபேசியில் இருக்கிறது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதம் 31-இல் முடிகிறது. புதுப்பிப்பதில்லை என்று பேச்சு. நிர்வாகக் குழு வியாழனன்று கூடித் தீர்மானிக்கும்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். ஏன் பேசவில்லை? இங்கருக்கு அந்த அழைப்பு நினைவிருக்காதா? இருந்துமா இப்படி? அல்லது நான்தான் தெளிவாகச் சொல்லவில்லையோ?

இல்லை. எண்பத்தெட்டு என்றேன். குறி மாறணும் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் ஹில்டா சூப்பை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருட மனைவி. நான் வாயைத் திறக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

"என்ன, அதுலயும் சாம்பிள் எடுக்கறியா? ஆறிப்போச்சு."

சொன்னேன். எல்லாவற்றையும். 5.40, 6.10, 6.30. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல போட்டுட்டு நீ ரயில் ஏறி வீட்டுக்கு வந்துட்டியா?"

"இங்கரே சொல்லுவாங்கன்னு நினை—"

"நினைக்கிறேன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லு, கரண்டியாலயே அடிப்பேன். நீ மேலதிகாரி யாரையாவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கியா? இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவன் தப்பான கலர அடிச்சிட்டுப் போனான், அவனுக்கே நன்றி சொல்லி அனுப்பினவன் நீ."

உண்மை. சமையலறை இன்றும் அதே ஊதாதான்.

மார்ச் 17, திங்கள்

இங்கரின் அறைக் கதவுவரை போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். திரும்பிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

இன்றும்.

மார்ச் 20, வியாழன்

பேசினேன்.

நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு நானாகவே போய் நின்றேன்.

"தப்பு ஒர்னெல்லாவுடையது இல்ல. வரிசை மாறினத நான் அன்னிக்கே பாத்துட்டேன். இங்கருக்கு ஃபோன் பண்ணினேன். மாத்த வேண்டாம்னாங்க. நான் விட்டுட்டேன்."

இங்கர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, நடிப்புமில்லை. உண்மையான திகைப்பு.

"லீவன், எனக்கு அப்படி எந்த ஃபோனும் வரலியே."

அந்த நொடி — எப்படி எழுதுவது — நானே கனவு கண்டேனோ என்று தோன்றிவிட்டது. எழுபத்து நான்கு வயது. இருக்கலாம்தானே? மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போக வாய் தயாராகிவிட்டது.

பிறகு பையைத் திறந்து இந்த நோட்டை எடுத்தேன். 11-ஆம் தேதிப் பக்கத்தை வாசித்தேன். நினைக்கிறீங்களா, தெரியுமா என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். கடைசிவரை வாசித்தேன், தண்ணீர் அள்ளியவன் என்ற வரியையும் சேர்த்து. வெட்கமாக இருந்தது.

இங்கர் தன் கைபேசியைத் தேடினார். நெடுநேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். அன்று மட்டும் அவருக்கு அறுபது அழைப்புகள். பிறகு நிறுத்தினார்.

"ஆறு பத்து," என்றார். "ஒண்ணே முக்கால் நிமிஷம்." முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சத்தியமா ஞாபகமே இல்ல. நான்... அவள எல்லார் முன்னாடியும்..."

கைபேசியைக் குழுத் தலைவரின் பக்கம் தள்ளினார்.

ஒர்னெல்லா மூலையில் இருந்தாள். நன்றி எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்திருக்கிறேன் போல. இல்லையென்றால் இவ்வளவு வலித்திருக்காது.

"எட்டு நாள், லீவன்," என்றாள். "எட்டு நாளா நான் அந்த வரிசைய திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கேன், எப்படி விட்டோம்னு. நீங்க வந்த நாளெல்லாம் எதிர்ல உக்காந்து காபி குடிச்சீங்க."

எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. இங்கர் பத்தொன்பது உறுப்பினர்களுக்கும் தன் கைப்பட எழுதுகிறார், தவறு தன்னுடையது என்று. 'எங்களுடையது' என்று மாற்றச் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

என் நாற்காலி காலியாக இருந்தது. ஒர்னெல்லா தலைக்கவசத்தை இப்போதெல்லாம் ஜன்னலோரம் மாட்டுகிறாள். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிறாள்.

அச்சுக்குப் போகும் தாளின் அடியில் இப்போது இரண்டு பெயர்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

நாடாளுமன்றத்தின் வரைவும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களுடைய வரைவும் பேரத்தில் ஒன்றானால்தான் சட்டம். அமைச்சர்கள் தங்கள் வரைவில் அந்தப் பிரிவை வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இங்கர் ஏழு மாதம் ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கினார். பேரம் முடிந்திருக்கிறது. பிரிவு திரும்ப வருகிறது. பத்து மீட்டர் இல்லை, நான்கு.

ஹில்டாவை அழைத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். நாடாவின் ஒரு முனையை அவள் கரையில் பிடித்துக்கொண்டாள். நான்கு மீட்டரில் ஒரு குச்சி நட்டேன். பத்தில் ஒன்று. நடுவில் நின்றேன். ஆறு மீட்டர். பேசாமல் இருந்த என் ஒரு மாலையின் அளவு.

"போதுமா? சேறு பூட்சுக்குள்ள வருது," என்றாள். குச்சிகளைப் பிடுங்கவில்லை நான்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் என் நாற்காலியில் சைக்கிள் தலைக்கவசம். ஸ்ட்ராஸ்பர்க் ரயிலைப் பிடிக்க நேற்றே போய்விட்டவள் வைத்தது. எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

நாளை இறுதி வாக்கெடுப்பு. 5.50-க்கு வரிசை வெளிவந்தது. 6.05-க்கு ஒர்னெல்லா அழைத்தாள். பின்னால் யாரோ அச்சு இயந்திரத்தில் தாள் அடுக்கும் சத்தம்.

"நாலு மீட்டர், பன்னிரண்டாம் வரி. இதுல கூட்டல்னு போட்டிருக்கீங்க. போன தடவை மாதிரி கேள்விய திருப்பிட்டாங்களா என்ன? இங்கர் வேற கழித்தல்னு சந்தேகப்படுறாங்க."

"கூட்டல்தான். பிரிவு இருக்கலாமான்னுதான் கேள்வி."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது கேட்டது.