இடக்காலுக்கு வேலை இல்லாத வண்டி

5 ஜூன் 2025, வியாழன்

ஐந்தருவியில் குளித்துவிட்டு மேலகரம் திரும்பும்போது வண்டி மீண்டும் உதைத்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் அந்தக் கணத்தில், பின்னால் இருப்பவன் இருக்கையை எட்டி மிதித்தது போல. ஆனந்தவள்ளி திரும்பிப் பார்த்தாள். "எவனும் வந்து இடிச்சிட்டானா?" என் மனைவியின் இயந்திர ஞானம் அவ்வளவே.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி என்றுதான் விற்றார்கள். கிளட்ச் கிடையாது; இடக்காலுக்கு வேலையே இல்லை. வாங்கியது 10 செப்டம்பர் 2021, விநாயகர் சதுர்த்தி. நான்கு ஆண்டு நிறைவதற்குள் இந்த உதை.

7 ஜூன், சனி

மேலகரத்தில் இத்தனை வாகனப் பொறியாளர்கள் வசிப்பதை நான் அறிந்திருக்கவில்லை. பால்காரர் பெட்ரோலில் தண்ணீர் என்கிறார். எதிர்வீட்டுக்காரர் கண்ணேறு என்கிறார். ஆனந்தவள்ளி அவர் பேச்சைக் கேட்டு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் நசுங்கியது. கியர் உதைத்தது.

இரவு மகாராஜா கோவையிலிருந்து பேசினான். "சர்வீஸ் வண்டிக்கில்லப்பா, உங்க வயசுக்குத்தான் வேணும். அத வித்துட்டு இங்கன வந்துருங்க." மகன் வீடு எட்டாவது மாடியில். அங்கே நான் துணி காய்வதை மேற்பார்வையிடலாம். வண்டி இல்லாவிட்டால் மருத்துவமனை, கடைத்தெரு, அருவி எதற்கும் பிறர் தயவு. ஓராண்டில் எங்களைப் பெட்டியோடு ஏற்றிவிடுவான். ஆகவே இதைச் சரிசெய்தே தீர வேண்டும்.

10 ஜூன், செவ்வாய்

தென்காசியில் உவைஸின் பட்டறை. கணினியை வண்டியில் சொருகினான். குறை ஒன்றும் காட்டவில்லை. பிறகு கியர் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத்தாளில் விட்டான். சிவப்பாக இருக்க வேண்டியது கறுப்பாக இருந்தது. தீய்ந்த நெடி வேறு.

"சூடேறிக் கருகியிருக்கு அண்ணாச்சி. ரெண்டு காலாலயும் ஓட்டுவியளா?"

"நான் என்ன தையல் இயந்திரமா மிதிக்கிறேன்?" என்றேன். சிரித்தான். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

ஆயிலும் வடிகட்டியும் மாற்றினான். கியர்பெட்டி ஓட்டுபவரின் பழக்கத்தைக் கற்று வைத்துக்கொள்ளுமாம். என்னிடம் பணிபுரிந்தவர்கள் எவருக்கும் இல்லாத பண்பு. என்னிடம் பணிபுரிந்தவர்கள் எவருக்கும் இல்லாத பண்பு.

12 ஜூன், வியாழன்

கியர் மாறுவதே தெரியவில்லை. மகாராஜாவிடம் தெரிவித்தேன். "சரிப்பா" என்றான். தோற்றவனின் குரல்.

24 ஜூன், செவ்வாய்

மறுபடியும் உதை. இலஞ்சிக்குத் திரும்பும் விலக்கில். சனியன். என்னத்த மாத்தினான் அவன்? ஆயிலையா, இல்ல என் தலையெழுத்தையா?

25 ஜூன், புதன்

உவைஸ் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். பிரேக் கட்டைகளும் தேய்ந்து போயிருக்கின்றனவாம். "ஓடுத வண்டியில யாரோ பிரேக்கையும் சேத்து அமுக்குதாங்க. நான் பக்கத்துல இருந்து பாக்கட்டுமா?"

யாரோ! ஓட்டுபவன் நான் ஒருவன்தான். முப்பத்தாறு ஆண்டுகள் இந்த மாவட்டத்து நிலங்களை அளந்தவன். வரப்பு அரை அடி நகர்ந்தாலும் நடக்கும்போதே என் கால் சொல்லிவிடும். என் காலைப் பற்றி எனக்கே பாடம். அவனை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டேன். சோதனையை நானே நடத்துவேன், நடுநிலையான சாட்சியோடு.

26 ஜூன், வியாழன்

பக்கத்து வீட்டு ஜெபமலரை ஸ்கூட்டியில் பின்தொடரச் சொன்னேன். ஓய்வுபெற்ற செவிலியர், பொய் சொல்லத் தெரியாதவர், அதனாலேயே பலருக்கு ஆகாதவர். பின்விளக்கைக் கவனிப்பது மட்டுமே அவர் வேலை. இலஞ்சி வரை ஓட்டி நிறுத்தினேன்.

"வெளக்கு அணையவே இல்ல அண்ணாச்சி. வழி பூரா செவப்பாத்தான் வந்துது."

விளக்கில் கோளாறு என்றேன். அவர் சன்னல் வழியே உள்ளே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

என் இடக்கால் பிரேக்கின் மேல் இருந்தது. வலக்கால் தரையில். வண்டியை நிறுத்தியதும் அதைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இடதை யார் அங்கே வைத்தது? நான் வைக்கவில்லை. கிளட்ச் மிதித்துப் பழகிய கால், கிளட்ச்சைத் தேடிப் போயிருக்கும்... சரி, போகட்டும். போனது எனக்கு ஏன் தெரியவில்லை?

27 ஜூன், வெள்ளி

ஜெபமலர் வந்து கண்ணை மூடச் சொன்னார். ஊக்கின் முனையால் வலது பாதத்தில் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் சொன்னேன். அடுத்து இடது. காத்திருந்தேன். எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன் அண்ணாச்சி."

ஆனந்தவள்ளி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

30 ஜூன், திங்கள்

திருநெல்வேலி மருத்துவர். சர்க்கரையால் நரம்பு உணர்விழந்திருக்கிறது. இனி ஓட்டக் கூடாது. இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டார்.

1 ஜூலை, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

2 ஜூலை, புதன்

"நான் ஓட்டுதேன்" என்றாள் ஆனந்தவள்ளி. அறுபத்தாறு வயது, சைக்கிள்கூட விட்டதில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கோவைக்குப் போயி கொடியில துணி எடுக்கதுக்கு இது மேலு."

7 ஜூலை, திங்கள்

அவளுக்குப் பழகுநர் உரிமம் கிடைத்தது. புகைப்படத்தில் காவல்துறை தேடும் ஆளைப் போல இருக்கிறாள். உவைஸ் கியர் ஆயிலை மீண்டும் மாற்றி, பிரேக் கட்டைகளும் புதிதாகப் போட்டான். அவனிடம் காரணத்தைச் சொன்னேன். "எங்க வாப்பாவுக்கும் இப்பிடித்தான் அண்ணாச்சி" என்றதோடு விட்டுவிட்டான். வேறொருவனாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பான்.

மகாராஜா: "அம்மாவா? நீங்க பக்கத்துல உக்காந்தா? அந்தக் கியர்பெட்டிய விட நீங்கதாம்பா மொதல்ல சூடாவீங்க."

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முதன்முறையாக ஐந்தருவி வரை அவளே ஓட்டினாள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். டிராக்டர் முந்தியது, அதன்பின் தலையில் எண்ணெய் வழிய, துண்டு மட்டும் கட்டிய ஒருவன் சைக்கிளில் முந்திச் சென்றான். வண்டி ஒருமுறைகூட உதைக்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

நிறுத்தியது கோணல். கோட்டுக்கு ஒன்றரை அடி வெளியே. இறங்கிச் சுற்றிப் போய், பின்சக்கரத்தின் அருகே நின்று, இதை அவளுக்கு அளந்தே காட்டினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

அவள் கையில், நான் இறங்கிய இடத்திலேயே கழன்று கிடந்த என் இடக்கால் செருப்பு இருந்தது.