வெண்காட்டில் எண்ணெய் காய்ச்சியவள்

வெண்காடு ஆய்வு நிலையம், அண்டார்டிகா
ஏப்ரல் 29, 2064. காலை 08:00

வெளி வெப்பநிலை மைனஸ் 38. காற்று மிதம். ஜெனரேட்டர் சரி. பீக்கன் சரி. பனி துளைக்கும் கருவி நிறுத்தம். நிலையத்தில் ஆட்கள்: ஒருவர்.

அந்த ஒருவர் நான், வடிவு. பனியியல் ஆய்வாளர். சொந்த ஊர் சங்கரன்கோவில், அங்கே ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். இதை யார் கண்டெடுக்கிறீர்களோ, உங்களுக்கு முன்கதை வேண்டும். மார்ச் மாதம் அடித்த சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் எல்லாம் செத்தன. கப்பல் வராது என்று கடைசிச் செய்தி வந்தது. எங்களுக்கு மிச்சம் கடலோரக் கிடங்கில் இருக்கும் டீசல். அதை எடுத்துவர மெக்கானிக் கஸ்பாரும் சமையல்காரர் இருளாண்டியண்ணனும் பனி டிராக்டரில் போயிருக்கிறார்கள்.

இங்கே காந்த ஊசி ஒரு நிலையில் நிற்காது. ஜிபிஎஸ் இல்லை. பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை. அவர்கள் திரும்பி வர ஒரே வழி எங்கள் கோபுரத்திலிருந்து போகும் ரேடியோ ஒலி. வண்டியின் ஆன்டெனாவைத் திருப்பி, அது எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டினால் வீடு. அதற்குத்தான் பீக்கன் என்று பெயர். அது நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. இருளாண்டியண்ணனின் ஓயாத பேச்சு இல்லை, கஸ்பாரின் விசில் இல்லை. இன்று காலை இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

மே 2. மதியம் 13:20

டீசல் தொட்டியின் ரப்பர் குழாய் குளிரில் வெடித்துவிட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தொட்டியில் இருந்த டீசல் முழுவதும் பனிக்குள் இறங்கிவிட்டது. வாளியில் பிடித்தது இரண்டு நாளைக்கு வரும். பனியை உருக்கிப் பார்த்தேன், சேறுதான் வந்தது.

சமையல் எண்ணெயிலிருந்து டீசல் செய்யப்போவதாக ரேடியோவில் கஸ்பாரிடம் சொன்னேன். பதில்:

"எக்கா, டீசல் ஏத்தியாச்சு, நாங்க நாளைக்குக் கெளம்புறோம். வர பத்து பன்னெண்டு நாளாவும். பீக்கன் மட்டும் நிக்கக் கூடாது பாத்துக்கிடுங்க. சமையல் எண்ணெய அப்படியே ஊத்திராதீங்க, கெட்டியா கெடக்கும், இன்ஜெக்டர் அடைச்சுக்கிடும்."

பின்னால் இருளாண்டியண்ணன் மைக்கைப் பிடுங்கும் சத்தம்.

"தாயி, எண்ணெயில டீசல் செய்யப் போறியாமுல்ல. செய்யி. நல்லெண்ணெயத் தொட்டுறாத. அது எண்ணெக் கத்திரிக்காய்க்கு வச்சிருக்கேன்."

இந்தக் கண்டத்தில் கத்திரிக்காய் ஏது என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

மே 4. மாலை 17:45

முதல் காய்ச்சல் வெற்றி. செய்முறையை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் டின்கள் உள்ளன. சூரியனே எட்டிப்பார்க்காத ஊரில் சூரியகாந்தி. எண்ணெயைக் கேஸ் அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, அதிலுள்ள ஈரம் போனபின் கை பொறுக்கும் சூடு வரை ஆறவிட வேண்டும். ஆய்வகத்திலிருந்து மெத்தனால் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தைக் கரைக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, அந்தக் கரைசலை எண்ணெயில் ஊற்றி ஒரு மணி நேரம் விடாமல் கிண்ட வேண்டும். பிறகு அசைக்காமல் விட்டால் கிளிசரின் பழுப்பாக அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பது டீசல். அதை வெந்நீரில் அலசி, மறுபடி சூடாக்கி ஈரத்தை ஓட்டினால் முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட முன்கூட்டியே உள்ளே போகக் கூடாது. போனால் எண்ணெய் சோப்பாகிவிடும்.

ஜெனரேட்டரில் ஊற்றினேன். இருமியது, பிறகு ஓடியது. புகைக்குழாயில் வந்தது வடை சுடும் வாசனை. வெளியே நின்று அந்தப் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி இருந்தது. அழுகை வந்தது, கண்ணீர் இமையிலேயே உறைந்தது. விஞ்ஞானிக்கு அழகில்லை என்று உள்ளே வந்துவிட்டேன்.

மே 8. மாலை 18:10

பீக்கன் ஓடுகிறது. என் டீசல் குளிரில் நெய் மாதிரி உறைகிறது. அதனால் கேனை இருளாண்டியண்ணனின் இரண்டு ஸ்வெட்டரில் சுற்றி, தூங்கும்போது என் பக்கத்தில் படுக்கவைக்கிறேன். கல்யாணம் ஆகாத எனக்கு வாய்த்த துணை இது.

புதிய எண்ணெய் பாதி தீர்ந்தது. ஆனால் அண்ணன் பொரித்த எண்ணெயை என்றைக்குமே கொட்டியதில்லை. டின் டின்னாகக் கறுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறார். எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! பழைய எண்ணெயில் புளிப்பு ஏறியிருக்கும், பொட்டாஷ் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். நாளை மறுநாள் எல்லாவற்றையும் கலந்து பெரிய அண்டாவில் ஒரே காய்ச்சலாகக் காய்ச்சிவிடுவேன். அதோடு கவலை தீரும்.

ரேடியோவில் கஸ்பார்:

"எக்கா, அண்ணாச்சிக்குக் கால் விரல் கறுத்துப்போச்சு. பூட்ஸ்குள்ள ஈரம் போயிருக்கு, மனுசன் சொல்லவே இல்ல. காச்சலு வேற. மருந்தெல்லாம் அங்கதான இருக்கு. நிக்காம ஓட்டிட்டு வாறேன்."

அண்ணனிடம் மைக்கைக் கொடு என்றேன். தூங்குகிறார் என்றான். இருளாண்டியண்ணன் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 10. மாலை 16:00

எல்லாம் போயிற்று.

அண்டாவை மேல் தட்டிலிருந்து இறக்கினேன். சுத்தமாக, காய்ந்துதான் இருந்தது. என் கை தானாக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டியது. எங்கள் வீட்டில் பாத்திரத்தை எடுத்தால் அலசாமல் யாரும் அடுப்பில் வைத்ததில்லை. துடைத்த பாத்திரம் என்றாலும் ஒரு அலசு. அம்மா அப்படி, நான் அப்படி. டாக்டர் பட்டம் வாங்கியும் கைக்கு அது தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

கொட்டிய தண்ணீர் முழுதும் வெளியே போகவில்லை. சமையலறைக் குளிரில் அண்டாவின் சுவரிலேயே உறைந்து, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு பாத்திரங்களில் காய்ச்சிய எண்ணெயை அதில் கொண்டுவந்து ஊற்றினேன். ஐஸ் உருகிற்று. பொட்டாஷ் ஊற்றிக் கிண்டக் கிண்டக் கஞ்சியானது, பிறகு களியானது. அண்டா நிறைய சோப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

சூரியகாந்தி முழுவதும், பழைய எண்ணெய் முழுவதும் இதில் போயிற்று. அந்தச் சோப்பை அள்ளிச் சுவரில் அடித்தேன். ஒட்டிக்கொண்டது. பிறகு நானே துடைத்தேன், வேறு யார் துடைப்பார்?

ஜெனரேட்டர் நிற்கப்போகிறது. பேட்டரி ஒரு நாள் தாங்கலாம்.

மே 12. காலை 09:30

நேற்று மாலை பேட்டரியில் கேட்ட கடைசிச் செய்தி:

"எக்கா, பீக்கன் விட்டு விட்டு வருது... இப்ப இல்ல. எந்தப் பக்கம்னு தெரியல. வண்டிய நிப்பாட்டிட்டேன். அண்ணாச்சி பெனாத்துதாவ. ஒங்களத்தான் கூப்பிடுதாவ. எதாச்சும் செய்யுங்கக்கா."

செய்கிறேன். மிச்சம் இருப்பது கத்திரிக்காய்க்கான நல்லெண்ணெய். மெழுகுபோல் உறைந்த தேங்காய் எண்ணெய், என் தலைக்கு வைப்பதும் சேர்த்து. ஊறுகாய் ஜாடிகளின் மேலே நின்ற எண்ணெயையும் கரண்டியால் எடுத்தேன். அதில் உப்பும் தண்ணீரும் உண்டு என்பது நினைவுக்கு வந்து, மனமில்லாமல் திருப்பி ஊற்றினேன்.

மின்சாரம் இல்லை, ஃபேன் ஓடாது. கதவைத் திறந்து வைத்தால் எண்ணெய் உறைந்து, கலக்காது. கதவை மூடிவிட்டேன். மெத்தனால் ஆவி உடம்புக்கு ஆகாது என்று தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மே 12. மாலை 17:00

கலந்துவிட்டது. தெளிந்துவிட்டது. இந்த முறை எந்தப் பாத்திரத்தையும் அலசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

தலைவலி. வாந்தி இரண்டு முறை. டார்ச் வெளிச்சம் மஞ்சளாக இல்லாமல் சாம்பலாகத் தெரிகிறது.

மே 13. காலை 07:15

எழுந்தபோது அறைக்குள் பனி பெய்துகொண்டிருந்தது. கூரையைத் தொட்டுப் பார்த்தேன், ஓட்டை இல்லை. பனி என் கண்ணுக்குள் பெய்கிறது.

கள்ளச்சாராயம் குடித்துக் கண் போனவர்கள் என்று பத்திரிகையில் படிப்போமே, அதே மெத்தனால். அவர்கள் குடித்தார்கள், நான் நாள் முழுதும் மூச்சாக இழுத்தேன். சாராய வாடையே ஆகாத குடும்பத்துப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர்.

கேனை இயந்திர அறை வரை தடவித் தடவிக் கொண்டுபோனேன். ஜெனரேட்டர் ஏழாவது இழுப்பில் ஓடியது. நல்லெண்ணெய் வாசம். உடனே:

"வந்துருச்சு! எக்கா, வந்துருச்சு! நல்லா கேக்குது. அண்ணாச்சி, எந்திரிங்க, பீக்கன் வந்துருச்சு! வாறோம்க்கா!"

இருளாண்டியண்ணன் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல:

"நல்லெண்ணெயத் தொட்டுட்டியா தாயி?"

"தொட்டுட்டேன்ணே," என்றேன். மருந்துப் பெட்டியை மேசைமேல் எடுத்துவைத்தேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கஸ்பாருக்குக் கவலைப்பட அங்கேயே ஆள் இருக்கிறார்.

மே 14. நேரம் தெரியவில்லை

கடிகாரம் தெரியவில்லை. இடது விரலை வரிக்கு அடியில் வைத்து எழுதுகிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னியுங்கள்.

வெளியே பனிப்புயல். கோபுரம் ஊளையிடுகிறது. கேனில் கையை விட்டுப் பார்த்தேன், விரல் முட்டி அளவுதான் இருக்கிறது.

"எக்கா, கிட்ட வந்துட்டோம். பீக்கன் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேக்குது. இதுக்கு மேல ஆன்டெனாவ வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. கோபுரத்து லைட்டப் போடுங்க."

போட்டேன். சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

"லைட்டு தெரியலியே."

மேலே தள்ளினேன்.

"தெரியலக்கா. போட்டிருக்கீங்களா?"

எரிகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் கண் போனதைச் சொன்னேன். கஸ்பார் வண்டியைக் கியரில் போடும் சத்தம் கேட்டது. பிறகு,

"பேசிட்டே இருங்கக்கா. எப்பிடியாச்சும் வந்துருதேன்," என்றான்.

நிலையத்தைத் தாண்டினால் பனிப்பிளவுகள் என்று சொன்னேன். தெரியும் என்றான். இத்தனை நாள் பேச ஆளில்லாமல் செத்தேன், இப்போது பேசு என்றால் வார்த்தை வரவில்லை. எண்ணெய் காய்ச்சும் முறையையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரம் போகக் காய்ச்ச வேண்டும், பாத்திரத்தை அலசக் கூடாது, ஃபேனை நிறுத்தக் கூடாது. நடுவில் அண்ணன் ஏதோ சொன்னார், புரியவில்லை.

அதே நாள்

ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ரேடியோ இல்லை. புயலின் ஊளை மட்டும்.

ஜெனரேட்டர் நின்றதால்தான் இன்னொரு சத்தம் கேட்கிறது. டிராக்டர். அவர்கள்தான். பலமாகிறது. சமையலறைச் சுவர்ப் பக்கம். தட்டுகள் அதிர்கின்றன. வந்துவிட்டார்கள்

இல்லை. இப்போது வலப்பக்கம். தாண்டிப் போகிறார்கள். பிளவுப் பக்கம்

அண்டா மூடியும் கரண்டியும் எடுத்திருக்கிறேன். அடித்துக்கொண்டே வெளியே போகிறேன். கயிற்றைக் கதவுப் பிடியிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டுதான் போகிறேன், நான் முட்டாள் இல்லை. கயிறு முப்பது மீட்டர். அது முடிந்தும் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் அவிழ்த்துவிடுவேன்.