உறுமலுக்குப் பதில்

சின்னவளின் அப்பாவுக்கு,

கொம்புக்கு மேல் தொப்பியை மாட்டி, இன்று அவளை மனிதப் பிள்ளைகளோடு பள்ளியில் விட்டேன். மனசு கேட்காமல் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும், பூதக்குட்டி அல்லவா, பழக்கதோஷத்தில் உறுமிவிட்டாள். கண்ணாடி அதிர்ந்தது. நம் வீட்டில் என்றால் உடனே பதிலுக்கு உறுமுவோம். அங்கே ஒரு சத்தமும் இல்லை. அவள் முகம் சுண்டிப்போனது. பதில் உறுமல் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் பக்கத்திலிருந்த பெண், "எப்படிடி பண்ணே? எனக்கும் சொல்லிக் குடு" என்று கீச்சுக்குரலில் உறுமிப் பார்த்தாள். பிறகு வகுப்பே உறுமியது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்ப்பா, அடுத்தது யாரு?" என்றார்.

நம் பெண் கழற்றி எறிந்த தொப்பி ஜன்னல் வழியாக என் காலடியில் வந்து விழுந்தது.

இப்போது வீட்டில் ஒரே அமைதி. சுரங்கத்தில் லீவு கிடைத்தால் வந்து, ஒரு தடவை உறுமிவிட்டுப் போங்கள்.

உங்கள் வீட்டுக்காரி